விடுதலை செய்து வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்: தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பார்க்காமல் 234 பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் ஒரு வக்கீல் குமாஸ்தா. கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பதும், நகல் மனு போடுவதும், அடுத்த வாய்தா என்றைக்கு என்று ஆட்களுக்குப் போன் போட்டுச் சொல்வதும்தான் என் பிழைப்பு. சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு மனுஷன் எப்படி உள்ளே போகிறான், வெளியே வரும்போது அவன் கையில் என்ன இருக்கிறது என்பதை ரொம்பக் காலமாகப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவன். அந்த உரிமையில் கேட்கிறேன். செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் கிடந்தவர்களுக்கு இழப்பீடும் மறுவாழ்வும் தரும் ஒரு சட்டத்தை, டெல்லி செய்யட்டும் என்று காத்திருக்காமல், நீங்கள் கொண்டுவர வேண்டும்.

சுருளி அருவி வழக்கு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தேனி மாவட்டத்தில் 2011 மே மாதம் அருவிக்குப் போன ஓர் இளம் ஜோடி கொலை செய்யப்பட்டது. ஒருவரைக் கைது செய்தார்கள். 2018 மார்ச்சில் தேனி நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை கொடுத்தது, அடுத்த வருஷம் மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. இரண்டு நீதிமன்றங்கள் தூக்கு என்று சொல்லிவிட்டன. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு மொத்த வழக்கையும் எடுத்துப் பார்த்து, இது நிரூபிக்கப்படவே இல்லை என்று சொல்லி அவரை விடுதலை செய்தது. ஏழு வருஷத்துக்கு மேல் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்திருக்கிறார். அந்த ஏழு வருஷமும் ஒவ்வொரு நாள் காலையிலும் என்ன நினைத்துக்கொண்டு எழுந்திருப்பார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அந்த வழக்கு எங்கே உடைந்தது தெரியுமா? பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. அரசுத் தரப்பு ரொம்ப நம்பியிருந்தது டிஎன்ஏ சோதனையை. ஆனால் எடுத்த மாதிரிகள் யார் கையில் இருந்தன, எங்கே வைத்திருந்தார்கள், ஆய்வகத்துக்குப் போய்ச்சேர ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. நடுவில் கெட்டுப்போயிருக்கலாம், கலந்துபோயிருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தீர்க்க ஒரு ரிஜிஸ்டர் இல்லை. அதனால்தான் அந்தத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் நாட்டுக்கே பொதுவாக உத்தரவு போட்டது. மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் அது ஆய்வகத்துக்குப் போக வேண்டும், தாமதமானால் காரணத்தை எழுத வேண்டும், எடுத்த நிமிஷத்திலிருந்து வழக்கு முடியும்வரை அது யார் யார் கை மாறியது என்று ஒரு பதிவேடு வைக்க வேண்டும், நீதிமன்றம் அனுமதிக்காமல் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்றெல்லாம். 2025ல் வந்து இதைச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மனுஷனைத் தூக்கில் போடலாமா என்று முடிவு செய்த ஆதாரத்துக்கு, கூரியர்காரர் ஒரு பார்சலுக்கு வைத்திருக்கும் கணக்குகூட இல்லாமல் இருந்திருக்கிறது.

இன்னொன்றையும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அமெரிக்கா போன்ற நாடுகளில், நீண்ட காலம் உள்ளே இருந்துவிட்டு விடுதலையாகிறவர்களுக்கு இழப்பீடு தருவதற்குச் சட்டமே இருக்கிறது, இங்கே அதை யோசிக்க வேண்டியது சட்டமியற்றும் மன்றம்தான் என்று எழுதியிருக்கிறார்கள். வழக்கு நம் தேனி மாவட்டத்து வழக்கு. விசாரித்தது நம் மாநிலப் போலீஸ். அப்படியென்றால் அந்த வரியை முதலில் படித்திருக்க வேண்டியவர்கள் நீங்கள்தானே?

செத்துப்போன அந்த இரண்டு பிள்ளைகளைப் பெற்றவர்களையும் மறக்க முடியவில்லை. பதினான்கு வருஷம் கழித்து, நீங்கள் நம்பியிருந்த ஆள் இல்லை என்று சொல்லி வழக்கை மூடினால் அவர்கள் எங்கே போவார்கள்? தப்பான ஆளைப் பிடித்து உள்ளே போட்டால் சரியான ஆள் வெளியே இருக்கிறான் என்று அர்த்தம். நிரபராதிக்காகப் பேசினால் பாதிக்கப்பட்டவர்களுக்கு எதிராகப் பேசுவதாக நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை, இரண்டு குடும்பத்தையும் கெடுத்தது ஒரே மாதிரியான அவசரமும் அசட்டையும்தான்.

இது ஏதோ ஒரு வழக்கில் நடந்த தவறு என்று நினைத்துவிடாதீர்கள். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016ல் வெளியிட்ட இந்திய மரண தண்டனை அறிக்கையைப் பாருங்கள். 2000க்குப் பிறகான பதினைந்து வருஷத்தில் கீழ் நீதிமன்றங்கள் கொடுத்த மரண தண்டனைகளில் மேலே போய் உறுதியானது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை, ஏறக்குறைய முப்பது சதவீதம் விடுதலையிலேயே முடிந்திருக்கிறது. தூக்குத் தண்டனைக் கைதிகளில் நான்கில் மூன்று பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. தூக்குத் தண்டனை என்றால் உயர் நீதிமன்றம் கட்டாயம் பார்த்தாக வேண்டும், பெரிய வக்கீல்கள்கூடச் சில சமயம் இலவசமாக வருவார்கள். ஆயுள் தண்டனை, பத்து வருஷம், ஏழு வருஷம் என்று வாங்கி, மேல்முறையீட்டுக்குக் காசில்லாமல், நகல் வாங்கக்கூட ஆள் இல்லாமல் கிடக்கிறவர்களை யார் பார்க்கிறார்கள்?

உத்தரப் பிரதேசம் லலித்பூர் மாவட்டத்துக்காரர் ஒருவர் 23 வயதில் பாலியல் வழக்கில் உள்ளே போனார். இருபது வருஷம் கழித்து, 2021ல், அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர் மேல் குற்றம் இல்லை என்று விட்டது. அதற்குள் அம்மா, அப்பா, அண்ணன் தம்பிகளில் இருவர் என்று வீட்டில் வரிசையாகச் செத்துப்போயிருந்தார்கள். மேல்முறையீட்டு மனுவில் குறைபாடு என்று சொல்லி அது வருஷக்கணக்கில் தூங்கியிருந்தது, அவ்வளவுதான் காரணம். குறைபாட்டைச் சரிசெய்து மனுவைத் திரும்பத் தாக்கல் செய்வது என் மாதிரி ஒரு குமாஸ்தா ஒரு மத்தியானத்தில் முடிக்கிற வேலை. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

அப்புறம் மகாராஷ்டிரா ஜால்னா மாவட்டத்து வழக்கு. 2003ல் ஒரு குடும்பத்தைத் தாக்கிக் கொள்ளையடித்துக் கொலை செய்தார்கள். உயிர் பிழைத்த பெண், சம்பவம் நடந்த சில நாளிலேயே போலீஸ் ஆல்பத்தைப் பார்த்து வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நான்கு பேரை விசாரிக்கவே இல்லை. நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு கூலிக்காரர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 2009ல் உச்ச நீதிமன்றமே ஆறு பேருக்கும் தூக்கு என்றது. உயர் நீதிமன்றம் மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்திருந்ததைக்கூடத் தூக்காக உயர்த்தியது. பத்து வருஷம் கழித்து, 2019 மார்ச்சில், அதே உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் திரும்பப் பெற்று ஆறு பேரையும் விடுதலை செய்தது. அவர்களில் ஒருவர் சம்பவத்தின்போது 18 வயதுகூட நிரம்பாதவர். தன் தவறைத் தானே திருத்திக்கொண்ட நீதிமன்றத்தை நான் மதிக்கிறேன். ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் மறுவாழ்வுக்குக் கொடுக்க மாநில அரசுக்கு உத்தரவிட்டது, தப்பாக விசாரித்த அதிகாரிகள்மேல் நடவடிக்கை எடுக்கவும் சொன்னது. ஆனால் ஐந்து லட்சத்தைப் பதினாறு வருஷத்துக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 86 ரூபாய்கூட வரவில்லை. 2025ல் நம் ஊரில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய்.

அதுவாவது கிடைத்ததே என்கிற நிலைமைதான் மற்றவர்களுக்கு. குஜராத் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற மூன்று பேர் உட்பட ஆறு பேரை உச்ச நீதிமன்றம் 2014ல் விடுவித்தது, புலனாய்வைக் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் அவர்கள் இழப்பீடு கேட்டு வந்தபோது 2016ல் அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது, இது தப்பான முன்னுதாரணமாகிவிடும் என்று. பீகாரில் ருதுல் ஷா என்பவர் 1968ல் விடுதலையான பிறகும் பதினான்கு வருஷம் சிறையிலேயே வைக்கப்பட்டிருந்தார், 1983ல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் கொடுத்தது மொத்தம் 35,000 ரூபாய். நாகர்கோவில்காரர் நம்பி நாராயணன் இஸ்ரோ உளவு வழக்கில் 1994ல் கைதானார், தண்டனை வரைக்கும்கூட அந்த வழக்கு போகவில்லை, அவருக்கு 2018ல் 50 லட்சமும், பிறகு கேரள அரசிடமிருந்து 1 கோடியே 30 லட்சமும் கிடைத்தது. அவருக்குக் கிடைத்தது நியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஒரு ராக்கெட் விஞ்ஞானியே இருபத்து நான்கு வருஷம் ஓடி வாங்க வேண்டியிருந்தது என்றால், கையெழுத்துப் போடத் தெரியாத கூலிக்காரர் எந்த வாசலில் போய் நிற்பார்? எந்த பெஞ்ச் முன் போகிறோம் என்பதைப் பொறுத்து 35,000, ஐந்து லட்சம், ஐம்பது லட்சம், இல்லை ஒன்றுமே இல்லை. உரிமை என்று சட்டத்தில் எழுதாதவரை இது இப்படித்தான் இருக்கும்.

சட்டப் புத்தகத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. காரணமில்லாமல் கைது செய்யப்பட்டவருக்கு இழப்பீடு என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, 399. அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில், பழைய சட்டத்தில் இருந்த அதே ஆயிரம். 2018லேயே இந்தியச் சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையில் இதற்குத் தனிச் சட்டமும் தனி நீதிமன்றங்களும் வேண்டும் என்று விரிவாக எழுதிக் கொடுத்துவிட்டது. அது அப்படியே கிடக்கிறது. அந்த அறிக்கையிலும் ஒரு குறை உண்டு. கெட்ட எண்ணத்தோடு போட்ட வழக்குகளைத்தான் அது முக்கியமாகப் பேசுகிறது, அசட்டையால் உள்ளே போனவர் அதில் விடுபட்டுப்போகிறார். சுருளி தீர்ப்பிலும் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். சிவில் மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1979ல் சேர்ந்தது, தவறான தண்டனைக்குச் சட்டப்படி இழப்பீடு தர வேண்டும் என்று அதன் 14ஆவது பிரிவு சொல்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சரி, நிரபராதி எப்படி மாட்டுகிறார்? என் மேஜையில் வந்துபோகும் கட்டுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு காகிதத்தைச் சொல்கிறேன். "தானாக முன்வந்து" கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் என்று தலைப்பு இருக்கும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது, ஆனால் அதன் மூலம் பொருள் ஏதாவது கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும் என்பது சட்டம். அதனால் கடைசியில், என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்திருக்கும் இடத்தைக் காட்டி எடுத்து ஆஜர்படுத்துகிறேன் என்று முடியும். கொலையாக இருந்தாலும் திருட்டாக இருந்தாலும், எழுதப் படிக்கத் தெரியாதவர் சொன்னதாக இருந்தாலும், வாக்கியம் மாறவே மாறாது. கீழே கிராம நிர்வாக அலுவலரும் அவர் உதவியாளரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இடம் ஒரு பாலத்தடி, புதர் மறைவு, கிணற்று மேடு. எடுத்தது ஒரு கத்தி, ஒரு சட்டை, ஒரு கைலி. எல்லா வாக்குமூலமும் பொய் என்று சொல்ல வரவில்லை. உண்மையான குற்றவாளிகளும் அப்படிக் காட்டித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் எல்லாக் கட்டிலும் ஒரே வாக்கியம் இருந்தால், எது உண்மை என்று ஒரு நீதிபதி எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

யார் மாட்டுகிறார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரில் எங்காவது நகை காணாமல் போனால் குறவர் குடியிருப்புக்கு ஜீப் போகும். பெருங்காமநல்லூரில் 1920ல், சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துக் குண்டடி பட்டுச் செத்தவர்களுக்கு நீங்கள் வருஷாவருஷம் மாலை போடுகிறீர்கள், சட்டம் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அந்தப் பார்வை மட்டும் சில காவல் நிலையங்களில் அப்படியே இருக்கிறது. ஜால்னாவில் மாட்டிய அந்த ஆறு பேரும்கூட நாடோடிச் சமூகத்தவர்கள்தான். தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992ல் சந்தனக் கட்டை கடத்தினார்கள் என்று சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் மலைவாழ் மக்களை அடித்து, பெண்களைச் சீரழித்து, பாதிக்கப்பட்டவர்களையே சிறையில் அடைத்தார்கள். 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தபோது, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா பத்து லட்சம் கொடு, அதில் ஐந்து லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலி என்று சொன்னதே, அதுதான் நமக்கு வழிகாட்டி. தெரிந்தே பொய்யாக வழக்கு ஜோடித்த அதிகாரியின் பையிலிருந்தும் பணம் போகட்டும்.

இங்கே ஒரு கேள்வி வரும் என்று தெரியும். "சந்தேகத்தின் பலனில் வெளியே வந்தவன் எல்லாம் நிரபராதியா?" என்று கேட்பீர்கள். பதில் எளிது. குற்றம் நிரூபிக்கப்படாதவரை ஒருவர் நிரபராதி, அந்த நிலைமைக்குத்தான் மேல் நீதிமன்றம் அவரைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்துகிறது. வெளியே வந்த பிறகு நீ நிரபராதி என்று நீயே நிரூபி என்றால் அது இரண்டாவது தண்டனை. இங்கிலாந்தில் 2014ல் அப்படித்தான் சட்டத்தை இறுக்கினார்கள். ஆண்ட்ரூ மல்கின்சன் என்பவர் செய்யாத குற்றத்துக்குப் பதினேழு வருஷம் உள்ளே இருந்தார், டிஎன்ஏ வேறு ஆளைக் காட்டியது, 2023ல் தண்டனை ரத்தானது, அதன் பிறகும் இழப்பீட்டுக்குக் காத்துக் கிடந்தார். அந்தத் தப்பை நாம் காப்பி அடிக்க வேண்டாம்.

நம் அரசு ஏற்கெனவே அடித்திருக்கும் ஒரு முத்திரையை நீக்கச் சொல்லியும் கேட்கிறேன். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளை எடுத்துப் பாருங்கள். சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியாக மாறியதால் விடுதலையானவரும், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார்கள் என்று விளக்கக் குறிப்பு இருக்கிறது. அதனால் எழுத்துத் தேர்விலும் உடல்தகுதியிலும் தேறிய எத்தனை பிள்ளைகள் கடைசியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டு உயர் நீதிமன்றத்துக்கு ஓடுகிறார்கள்! நீதிமன்றம் விட்ட பிறகும் அரசு விடுவதில்லை. அரசே இப்படி இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எப்படி இருப்பார்?

எங்கள் ஆபீசுக்கு ஓர் அம்மா வருவார். மகன் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று மத்தியச் சிறையில் இருந்தார். பேருந்துக்குக் காசு சேர்ந்தால் மனு போட்டுப் பார்க்கப் போவார், சேராவிட்டால் இல்லை. இருந்த கொஞ்சம் நிலத்தை வழக்குக்கு விற்றாகிவிட்டது, மருமகள் பிள்ளையோடு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். மேல்முறையீட்டில் விடுதலை வந்தது. அவரே தேடி வந்து சொன்னார், "விட்டுட்டாங்க சாமி. ஆனா ஊருக்குள்ள வரமாட்டேங்கறான்." மகன் திருப்பூருக்குப் போய்விட்டார், பனியன் கம்பெனியில் வேலை, சிறைக்குப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. ரேஷன் கார்டில் பெயர் இல்லை, ஆதாரில் போன் நம்பர் மாறியிருக்கிறது, வங்கிக் கணக்கு செத்துப்போயிருக்கிறது. இதையெல்லாம் சரிசெய்ய ஒருத்தர்கூட அவர் பக்கத்தில் நிற்கவில்லை. உள்ளே போகும்போது ஜீப், துப்பாக்கி ஏந்திய போலீஸ், சிறைக் கண்காணிப்பாளர் என்று மொத்த அரசாங்கமும் கூட இருந்தது. வெளியே வரும்போது ஒரு விடுதலைக் காகிதம் மட்டும்.

இது மத்திய அரசு செய்ய வேண்டியது, எங்கள் கையில் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். போலீசும் சிறையும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. குற்றவியல் நடைமுறை பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்தியச் சட்டத்தோடு எங்காவது உரசினால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்புங்கள், எத்தனையோ சட்டத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அதுவரைக்கும் ஓர் அரசாணை போதும். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டுத் திட்டம் ஏற்கெனவே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமாக நடக்கிறது, அதே ஆபீஸ், அதே ஆட்கள், இவர்களையும் பாதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் சேர்த்தால் நாளைக்கே தொடங்கலாம்.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கு ஜெர்மனியில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், உள்ளே இருந்த ஒவ்வொரு நாளுக்கும் 75 யூரோ, வருமான இழப்பு தனி. அமெரிக்காவில் மத்தியச் சட்டப்படி வருஷத்துக்கு 50,000 டாலர், தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலர். அந்தத் தொகையை இங்கே கேட்கவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று எழுதுங்கள், அது குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது, தூக்கு நிழலில் இருந்த நாளுக்கு அதிகம். விடுதலையான ஒரு வாரத்துக்குள் இடைக்கால உதவி கைக்கு வர வேண்டும், அதற்கு மனு போட வக்கீல் தேவைப்படக் கூடாது (வக்கீல் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்). மேல்முறையீடு இருக்கிறது என்று சொல்லி வருஷக்கணக்கில் நிறுத்தி வைக்கவும் கூடாது. வீடு, மருத்துவம், மனநல ஆலோசனை, பிள்ளைகள் படிப்பு இவையும் அதில் இருக்க வேண்டும். பணம் மட்டும் கொடுத்தால் கடன்காரர்கள் முதல் வாரத்திலேயே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

பெரிய செலவாகிவிடுமே என்று நிதித்துறை சொல்லும். எத்தனை பேர் என்று தெரிந்தால்தானே செலவு தெரியும்? நான் எங்கே தேடியும் அந்தக் கணக்கு ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. அதனால் முதல் வேலையாக உங்களில் ஒருவராவது, எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, காவல் துறை மானியக் கோரிக்கை வரும் நாளில் எழுந்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: கடந்த பத்து வருஷத்தில் தமிழ்நாட்டு அமர்வு நீதிமன்றங்கள் தண்டித்து, உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ விடுதலை செய்தவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எத்தனை நாள் உள்ளே இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு அரசு ஒரு ரூபாயாவது கொடுத்திருக்கிறது? கூடவே, சுருளி தீர்ப்பு சொன்ன அந்தப் பதிவேடு எத்தனை காவல் நிலையங்களில் திறக்கப்பட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். பதில் அவைக்குறிப்பில் ஏறட்டும். மசோதாவை அதிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா